அணு உலை இருந்த இடத்து மண்ணை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி இது: ஓர் அணு உலையையோ அணுசக்தித் தொழிற்சாலையையோ மூடி, கட்டடங்களை இடித்து எடுத்துப் போன பிறகு, "இந்த மண்ணில் இனி பயமில்லை" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? கைகர் கருவியோடு ஒருவர் நடந்து பார்த்தால் போதாதா? அப்படி வரும் எண்ணை நம்பலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆய்வகக் கருவி தரும் எண்ணைப் பெரும்பாலும் நம்பலாம். துருவிக் கேட்க வேண்டியது, அந்தக் கருவிக்குள் போன மண் எங்கிருந்து வந்தது, எத்தனை ஆழத்திலிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்பதை. ஒரு கிராம் மண்ணில் இருக்கும் புளூட்டோனியத்தை அளக்கப் பல பத்தாண்டுகளாகவே நமக்குத் தெரியும். அந்த ஒரு கிராம் ஒரு மைதானத்தின் சார்பில் பேசலாமா என்பதுதான் இன்றைக்கும் சிக்கலான விஷயம். நான் கீழே எழுதுவதில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான் இருக்கும்.

கைகர் கருவி ஏன் போதாது? ஏதோ ஒரு கதிர் உள்ளே வந்தது என்று மட்டும்தான் அது சொல்லும். வந்தது எதிலிருந்து என்று அதற்குத் தெரியாது. மண்ணோ இயல்பிலேயே கதிரியக்கம் உள்ள பொருள். உலகச் சராசரியாக ஒரு கிலோ மண்ணில் பொட்டாசியம்-40 மட்டும் சுமார் 400 பெக்கொரல் இருக்கும். ஒரு பெக்கொரல் என்றால் வினாடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். யுரேனியம், தோரியம் வரிசைகளிலும் ஒவ்வொன்றுக்கும் சில பத்து பெக்கொரல் சேரும். இவை பூமி உருவான நாளிலிருந்து இருப்பவை. ஒரு மழை பெய்தால்கூட, காற்றில் உள்ள ரேடானின் சிதைவுப் பொருள்கள் தரைக்கு இறங்கி, கருவியின் எண்ணிக்கை கொஞ்ச நேரத்துக்கு ஏறிவிடும். இந்த இரைச்சலுக்கு நடுவே, உலையில் உருவாகும் சீசியம் கிலோவுக்கு ஐம்பது பெக்கொரல் கூடுதலாக இருந்தால் கைகர் கருவியின் முள் அசையவே அசையாது.

சீசியம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாலும், அது அந்த உலையிலிருந்து வந்ததுதானா என்ற கேள்வி நிற்கும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் சீசியம்-137 உலகம் முழுக்கப் படிந்தது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறக்குறைய 30 ஆண்டு. ஆகவே பக்கத்தில் உலையே இல்லாத ஊர் மண்ணிலும் அது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஐரோப்பாவில் பல இடங்களில் 1986 செர்னோபில் விபத்தின் சீசியமும் அதன்மேல் படிந்திருக்கிறது. அதனால்தான் வேலை தொடங்குமுன் ஓர் ஒப்பீட்டு நிலத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள்: அதே மாதிரி மண், அதே மாதிரி மழை, ஆனால் உலையின் கை படாதது. இதில் எளிதாக ஏமாறலாம். உழுத நிலத்தில் மேல்மண் இருபது சென்டிமீட்டருக்கும் கீழே கலந்துபோயிருக்கும். உழாத நிலத்தில் பழைய படிவு மேலேயே நிற்கும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால், இல்லாத மாசு இருப்பதாகத் தோன்றும். இருக்கும் மாசு மறைந்தும் போகும்.

சரி, எதையெல்லாம் தேட வேண்டும்? மின் உலை என்றால் கோபால்ட்-60, சீசியம்-137, ஸ்ட்ரான்ஷியம்-90, நிக்கல்-63, டிரிட்டியம், கார்பன்-14 ஆகியவை முதல் வரிசையில் வரும். எரிபொருளை மறுசுழற்சி செய்த இடம், குண்டுக்கான பாகம் செய்த இடம் என்றால் புளூட்டோனியமும் அமெரிசியமும் சேரும். இவற்றில் சில காமா கதிரை வீசித் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கும். வரும் கதிர்களை ஆற்றல்வாரியாக எண்ணி வரைந்தால், சீசியம்-137 இருக்கும்போது 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (இது கதிரின் ஆற்றலுக்கான அலகு) ஒரு முகடு எழும். கோபால்ட்-60 இருந்தால் 1173, 1332 என்று இரண்டு முகடுகள். மற்றவை ஊமைகள். ஸ்ட்ரான்ஷியம்-90 பீட்டா துகளை மட்டும் விடும். அதன் வழித்தோன்றலான இட்ரியம்-90 விடும் வலுவான பீட்டாகூட மண்ணில் சில மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். புளூட்டோனியம்-239 விடும் ஆல்ஃபா துகள் மண்ணில் ஒரு முடியின் தடிமனைக்கூடத் தாண்டாது. டிரிட்டியத்தின் பீட்டா காற்றிலேயே ஒரு சென்டிமீட்டர் போகாது. இவற்றுக்காக மேலே நின்று எந்தக் கருவியைப் பிடித்தாலும் பயனில்லை. மண்ணை எடுத்துப் போய் வேதியியல் முறையில் பிரித்தாக வேண்டும்.

அது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை என்பதால், ஒரு குறுக்கு வழி வழக்கத்தில் உண்டு. கொஞ்சம் மாதிரிகளை முழுமையாக ஆராய்ந்து, ஒரு பங்கு சீசியத்துக்கு இத்தனை பங்கு ஸ்ட்ரான்ஷியம் என்று விகிதம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு சீசியத்தை மட்டும் அளந்து மற்றதைக் கணக்கில் போடுவார்கள். உலைக்குள், குழாய்களின் உட்புறத்தில், இது நன்றாகவே வேலை செய்யும். மண்ணில் இதை அப்படியே நம்புவதை நான் ஏற்க மாட்டேன். களிமண்ணில் உள்ள இல்லைட் போன்ற கனிமங்களின் அடுக்குகளுக்குள் சீசியம் போய்ச் சிக்கிக்கொண்டால் லேசில் வெளியே வராது. ஸ்ட்ரான்ஷியம் அப்படி ஒட்டாது. கால்சியத்தைப் போல நடந்துகொண்டு, நீரோட்டத்தோடு மெல்ல நகரும். டிரிட்டியம் தண்ணீரின் பகுதியாகவே ஓடிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு குழாய் கசிந்திருந்தால், கசிந்த இடத்தில் சீசியம் நிற்கும். ஸ்ட்ரான்ஷியம் பல மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அங்கே சீசியத்தைத் தேடி, இல்லை என்று கண்டு, ஸ்ட்ரான்ஷியமும் இல்லை என்று எழுதினால் அது பிழை. விகிதத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு கசிவுப் பாதையிலும் தனித்தனியே சோதித்துப் பார்த்த பிறகு.

கருவியை எடுப்பதற்கு முன்னால் காகிதத்தை எடுக்க வேண்டும். எங்கே குழாய் உடைந்தது, எந்த ஆண்டு எந்தத் தொட்டி வழிந்தது, எந்தப் பள்ளத்தை எந்த மண் போட்டு மூடினார்கள் என்பதெல்லாம் பழைய பதிவேடுகளில், வரைபடங்களில், வான்வழிப் புகைப்படங்களில், ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் நினைவில் இருக்கும். இந்த வேலையை அவசரத்தில் முடித்துவிட்டு, பிறகு கட்டம் போட்டு ஆயிரம் மாதிரி எடுப்பது வீண் செலவு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் இருந்த ராக்கி ஃபிளாட்ஸ் தொழிற்சாலை 1952 முதல் 1989 வரை குண்டுகளுக்கான புளூட்டோனியப் பாகங்களைச் செய்தது. அங்கே மண் கெட்டதற்கு முக்கியக் காரணம், 1950களின் பிற்பகுதியிலிருந்து சுமார் பத்து ஆண்டு திறந்த வெளியில் அடுக்கி வைத்திருந்த, புளூட்டோனியம் கலந்த எண்ணெய்ப் பீப்பாய்கள். அவை துருப்பிடித்துக் கசிந்தன. பீப்பாய்களை அகற்றியபோது கிளறப்பட்ட மண்ணைக் காற்று கிழக்குப் பக்கமாக அள்ளிப் போனது. பீப்பாய் இருந்த இடமும் காற்றின் திசையும் தெரிந்தால், எங்கே தேட வேண்டும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

காகிதத்தில் இல்லாததும் உண்டு. குண்டுகளுக்கான புளூட்டோனியம் தயாரித்த, வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில், கழிவு நீரை மண்ணுக்குள் இறக்கிய குழிகளில் உப்புப் படிந்திருந்தது. அந்த உப்புக்காக விலங்குகள் தோண்டி உள்ளே போயின. முயல்களின் எச்சம் வழியாகச் சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் பல சதுர கிலோமீட்டருக்குப் பரவின. அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கக் காமா கருவி பொருத்திய ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டார்கள். எந்த வரைபடமும் அந்த முயல்களின் பாதையைக் காட்டியிருக்காது.

வரலாறு தெரிந்த பிறகு நிலத்தைத் துண்டு போடுகிறார்கள். அமெரிக்காவின் பாதுகாப்புத் துறை, எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் நான்கும் சேர்ந்து 1997இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. மார்சிம் என்று அதன் பெயரைச் சுருக்கிச் சொல்வார்கள். பிற நாடுகளிலும் இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைப் புரட்டாமல் இருக்க மாட்டார்கள். வரம்பை மீறிய மாசு இருக்க வாய்ப்புள்ள நிலம் முதல் வகுப்பு. ஒரு துண்டு 2,000 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதன் தரை முழுவதையும் கருவியால் வருட வேண்டும். மாசு இருந்தாலும் வரம்புக்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கப்படுவது இரண்டாம் வகுப்பு. 10,000 சதுர மீட்டர் வரை போகலாம். அநேகமாக ஒன்றும் இராது என்பது மூன்றாம் வகுப்பு. சந்தேகம் அதிகமான இடத்தில் உழைப்பை அதிகம் கொட்டு என்பதுதான் இதன் சாரம்.

வருடுவது என்றால், இரண்டு அங்குலச் சோடியம் அயோடைடு படிகம் பொருத்திய கருவியைத் தரைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே பிடித்து, வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில், இடமும் வலமும் வீசிக்கொண்டே நடப்பது. அந்தப் படிகம் சாதாரண மண்ணிலேயே நிமிடத்துக்குப் பத்தாயிரம் எண்ணிக்கை அளவில் காட்டும். வினாடிக்கு 167 என்று வைத்துக்கொள்வோம். கதிரியக்கச் சிதைவு தற்செயலாக நடப்பதால் இந்த 167 எப்போதும் பதின்மூன்று பதினான்கு கூடவோ குறையவோ ஊசலாடிக்கொண்டே இருக்கும். சிறிய மாசுத் திட்டு ஒன்றைக் கடக்கும்போது கருவி அதன்மேல் இருப்பது ஒரு வினாடிதான். அந்த ஒரு வினாடியில் எண்ணிக்கை கிட்டத்தட்ட இருபதாவது கூடினால்தான், காதில் ஒலிக்கருவி மாட்டியிருப்பவர் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று நின்று பார்ப்பார். களைத்துப்போன பிற்பகலில் அவர் நிற்காமல் போய்விடவும் கூடும். அதனால் இன்று எண்ணிக்கையையும் செயற்கைக்கோள் தரும் இட அளவையும் வினாடிதோறும் பதிவு செய்து, பிறகு வரைபடமாகப் போட்டுப் பார்க்கிறார்கள். மனிதக் காது தவறவிட்டது வரைபடத்தில் தெரியும்.

இதில் எவ்வளவு பிடிபடும்? மேலே சொன்ன கருவிக்கும் வேகத்துக்கும் மார்சிம் கணக்குப்படி, சீசியம்-137 கிலோவுக்கு ஏறக்குறைய 240 பெக்கொரல் இருந்தால் வருடலில் தெரியும். அமெரிக்க ஆணையம் மேல்மண் சீசியத்துக்கு ஆரம்பக்கட்ட ஒப்பீட்டு மதிப்பாக வைத்திருப்பது கிராமுக்கு 11 பிக்கோகியூரி (கதிரியக்கத்துக்கான பழைய அலகு), அதாவது கிலோவுக்குச் சுமார் 400 பெக்கொரல். ஆகவே சீசியத்துக்கு வருடல் உதவும். அமெரிசியம்-241க்கு வாருங்கள். அதே படிகம் அதைக் கண்டுகொள்ளக் கிலோவுக்கு 1,200 பெக்கொரலை ஒட்டி இருக்க வேண்டும். அதன் ஒப்பீட்டு மதிப்போ 80 பெக்கொரலுக்கும் கீழே. பதினைந்து மடங்கு இடைவெளி! அமெரிசியத்தின் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா அவ்வளவு பலவீனமானது. ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் மண்ணிலேயே பாதி நின்றுவிடும். மெல்லிய படிகம் உள்ள தனிக்கருவிகள் கொஞ்சம் மேல். ஆனாலும் "முழு நிலத்தையும் வருடிப் பார்த்துவிட்டோம்" என்று யாராவது சொன்னால், எந்த ஐசோடோப்புக்காக, அதாவது சீசியம்-137, அமெரிசியம்-241 போன்ற எந்த அணுவகைக்காக, என்று உடனே கேளுங்கள்.

அப்புறம் மாதிரி எடுப்பது. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கட்டம்தான், அதனால் கணக்கே போட்டுக் காட்டுகிறேன். 2,000 சதுர மீட்டர் துண்டு. மேல்மண் என்று வழக்கமாக எடுத்துக்கொள்வது 15 சென்டிமீட்டர். ஆக 300 கன மீட்டர் மண். எடை சுமார் 450 டன். முக்கோணக் கட்டம் போட்டு இருபது இடத்தில் மாதிரி எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் இடையே பத்தே முக்கால் மீட்டர் தூரம் வரும். இடத்துக்கு ஒரு கிலோ எடுத்தால் மொத்தம் இருபது கிலோ. 450 டன்னில் இருபது கிலோ என்பது 22,500இல் ஒரு பங்கு. காமா அளவைக்கு அந்த ஒரு கிலோவை அப்படியே வைக்கலாம். ஆனால் புளூட்டோனியத்துக்காக அமிலத்தில் கரைப்பது பெரும்பாலும் ஓரிரு கிராம். மாதிரிக்கு ஒரு கிராம் என்றால் மொத்தம் இருபது கிராம். இரண்டேகால் கோடியில் ஒரு பங்கு.

மாசு மண்ணில் உப்பு கரைந்ததுபோல ஒரே சீராகப் பரவியிருந்தால் இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. புளூட்டோனியம் பல இடங்களில் அப்படி இருப்பதில்லை. ஆக்சைடு துகள்களாக இருக்கிறது. ராக்கி ஃபிளாட்ஸின் துப்புரவு 2005இல் முடிந்தது. அங்கே மேல் மூன்று அடி மண்ணுக்கு ஒப்புக்கொண்ட வரம்பு கிராமுக்கு 50 பிக்கோகியூரி, கிலோவுக்கு 1,850 பெக்கொரல். 2019இல் அந்த நிலத்தின் கிழக்கு விளிம்பில் சாலை போடும் திட்டத்துக்காக மண் மாதிரிகள் எடுத்தார்கள். அதில் ஒரு மாதிரி கிராமுக்கு 264 பிக்கோகியூரி காட்டியது. அதே மாதிரியின் இன்னொரு பங்கை ஆராய்ந்தபோது வந்தது 6. ஒரே குழி, ஒரே மண், வரம்புக்கு ஐந்து மடங்கு மேலே ஒரு முடிவு, வெகு கீழே இன்னொரு முடிவு.

யார் தவறு செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். யாரும் தவறு செய்திருக்க வேண்டியதில்லை. ஒரு கிராம் கரைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 258 பிக்கோகியூரி வித்தியாசம் என்பது ஒன்பதரை பெக்கொரல். புளூட்டோனியம்-239 ஒரு கிராமுக்கு 230 கோடி பெக்கொரல். ஆக அது சுமார் நான்கு நானோகிராம் புளூட்டோனியம். ஆக்சைடாகப் பார்த்தால் விட்டம் ஏறக்குறைய ஒன்பது மைக்ரோமீட்டர் உள்ள ஒரே ஒரு துகள். அந்த ஒரு துகள் ஒரு பங்கில் விழுந்தது, மற்றதில் விழவில்லை. இரண்டு எண்களுமே சரி. சராசரி எடுத்து "இந்த மண்ணில் 135" என்று எழுதினால் அது எந்த மண்ணையும் குறிக்காத எண்ணாகிவிடும். இப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்தால் செய்ய வேண்டியது வேறு: அதிக மண்ணை எடுத்து, உலர்த்தி, சலித்து, ஆலையில் நுண்ணிய பொடியாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து பல பங்குகளை அளந்து, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் சேர்த்து வெளியிடுவது. அந்தச் சிதறலே ஒரு தகவல். துகள் இருக்கிறது என்று அது சொல்கிறது.

ஸ்காட்லாந்தின் வடகரையில் உள்ள டௌன்ரே அணு உலை வளாகத்தில் இது இன்னும் வெளிப்படை. அங்கே எரிபொருளை அறுத்தபோது உண்டான, மணல் மணி அளவுள்ள துகள்கள் கழிவுநீரோடு கடலுக்குப் போய்விட்டன. 1980களின் தொடக்கத்திலிருந்து அவை கரையோர மணலில் கிடைக்கத் தொடங்கின. பத்து லட்சம் பெக்கொரலுக்கு மேல் உள்ள துகளைத் தீவிரமானது என்றும், ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ளதைச் சிறியது என்றும் அங்கே வகைப்படுத்துகிறார்கள். அந்தக் கடற்கரையின் சராசரி மாசு என்று ஓர் எண்ணைச் சொன்னால் அது மிகச் சிறியதாக இருக்கும், யாருக்கும் உதவாது. அதனால் அங்கே கட்டம் போட்டு மாதிரி எடுப்பதை நம்பியிருக்காமல், கருவி பொருத்திய வண்டியைக் கடற்கரை முழுக்க ஓட்டித் துகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கிறார்கள். சராசரி கேட்க வேண்டிய இடமும் துகள் தேட வேண்டிய இடமும் வேறு வேறு. எது எந்த இடம் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் பிறகு எத்தனை எண் கொட்டினாலும் தெளிவு வராது.

ஆழத்துக்கு வருகிறேன். சீசியத்தின் 662 காமாவே ஐந்தாறு சென்டிமீட்டர் மண்ணில் பாதியாகிவிடும். முப்பது சென்டிமீட்டருக்கு அடியில் இருந்து நேராக மேலே வருவது நாற்பதில் ஒரு பங்கு. மேலே நல்ல மண்ணை ஓரடி நிரப்பிவிட்டால், கீழே இருப்பது மேலே நடப்பவருக்குத் தெரியாது. மார்சிம் முதலிலேயே தான் மேல்மண்ணுக்கும் கட்டடப் பரப்புக்கும் மட்டும் என்று சொல்லிவிடுகிறது. ஆனால் மூடிய உலைகளில் தலைவலி தருவது பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்த குழாய்களின் கசிவுதான். அதற்குத் துளையிட்டு, துளைக்குள் கருவியை இறக்கி, ஆழவாரியாகக் காமாவை எண்ண வேண்டும். துளையிலிருந்து வந்த மண்ணை அடுக்கு அடுக்காக வெட்டி ஆராய வேண்டும். ஓர் எச்சரிக்கை: துளைக்கும்போது மேல்மண் கீழே உதிர்ந்தால், கீழேயும் மாசு இருப்பதாக ஒரு பொய்த்தோற்றம் உண்டாகும். பள்ளம் தோண்டி அகற்றிய இடமானால், நிரப்புவதற்கு முன்பே அதன் அடியையும் பக்கச் சுவரையும் அளந்துவிட வேண்டும். நிரப்பிய பிறகு கேட்டால் பதில் கிடைக்காது.

ஆய்வகத்தில் நடப்பதை வேகமாகச் சொல்லிவிடலாம், அங்கே முறைகள் நன்கு தேறிவிட்டன. மண்ணை 105 டிகிரியில் உலர்த்தி, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, உலர் எடைக்குத்தான் கணக்குச் சொல்ல வேண்டும்; ஈரத்தோடு எடை போட்டால் எண் குறைந்து தெரியும். டிரிட்டியத்துக்கு மட்டும் இந்தப் பாதை கூடாது. அடுப்பில் வைத்தால் அது நீராவியாகப் போய்விடும், பிறகு "இல்லை" என்று முடிவு வரும். அதற்குத் தனிப் பங்கை எடுத்து, மூடி வைத்து, ஈரத்தைக் காய்ச்சி வடித்து அந்த நீரை அளக்க வேண்டும்.

காமாவுக்கு, திரவ நைட்ரஜனாலோ மின்குளிர்ப்பானாலோ குளிர்வித்த ஜெர்மானியம் கருவி. சோடியம் அயோடைடில் 662 முகடு ஐம்பது கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு அகலமாகப் பரந்து, ரேடியம் வரிசையின் 609 முகட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஜெர்மானியத்தில் அகலம் இரண்டுக்கும் குறைவு. இரண்டும் தனித்தனி ஊசிகளாக நிற்கும். கிலோவுக்கு 10 பெக்கொரல் சீசியம் இருக்கும் மண்ணில், கருவியின் திறன் இரண்டு சதவீதம் என்றால் மணிக்கு அறுநூறு எண்ணிக்கை கிடைக்கும். அதுவே நல்ல அளவை. ஸ்ட்ரான்ஷியத்தை அமிலத்தில் கரைத்துப் பிசின் குழலில் பிரித்து, இட்ரியம்-90 மறுபடி வளர இரண்டு வாரம் காத்திருந்து எண்ணுவார்கள். புளூட்டோனியத்துக்கு, அளவு தெரிந்த புளூட்டோனியம்-242ஐ ஆரம்பத்திலேயே கலந்துவிடுவார்கள். கடைசியில் அதில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தால், வழியில் எவ்வளவு தொலைந்தது என்று தெரியும். ஒன்றே ஒன்று கவனம்: அதிக வெப்பத்தில் உருவான புளூட்டோனியம் ஆக்சைடு சாதாரண அமிலத்துக்குக் கரையாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ உருக்கிக் கரைக்கும் முறையோ வேண்டும். சாதாரண அமிலத்தோடு நிறுத்தினால், கலந்த 242 முழுதாகத் திரும்பி வந்திருக்கும், மண்ணில் இருந்த துகள் கரையாமல் வடிதாளில் கிடக்கும். அறிக்கை பார்க்க அழகாக இருக்கும்.

"கண்டறியப்படவில்லை" என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1968இல் லாயிட் கரி என்ற அமெரிக்க வேதியியலாளர் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார், இன்றும் அதுதான் அடிப்படை. பின்னணி எண்ணிக்கை 400 என்றால், அதற்கு மேல் 47 கூடினால்தான் "ஏதோ இருக்கிறது" என்று சொல்லலாம். இருப்பதைத் தவறவிடாமல் பிடிப்போம் என்று முன்கூட்டியே உறுதி தர 96 வேண்டும். இந்த எல்லை எண்ணும் நேரத்தைப் பொறுத்தது. பத்து நிமிடம் எண்ணினால் எல்லை உயரும், ஒரு நாள் எண்ணினால் தாழும். ஆகவே கண்டறியும் எல்லையைச் சொல்லாமல் "கண்டறியப்படவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. எல்லை, அனுமதி வரம்பின் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்றால் இன்னும் நல்லது.

வரம்பு எங்கிருந்து வருகிறது? மனிதர் பெறும் கதிர் அளவிலிருந்து. அமெரிக்காவில் 1997 விதிப்படி, நிலத்தைக் கட்டுப்பாடின்றி விடுவிக்க, அதனால் ஒருவர் பெறுவது ஆண்டுக்கு 0.25 மில்லிசீவர்ட்டுக்கு (உடல் பெறும் கதிர் அளவின் அலகு) மேல் போகக்கூடாது. அடுத்த 1,000 ஆண்டுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். 1990களில் மூடிய மெய்ன் யாங்கி உலைக்கு மாநிலச் சட்டம் அதை 0.1 என்று இறுக்கியது. அங்கேயே வீடு கட்டி, பயிர் செய்து, கிணற்று நீர் குடிக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து, ஒவ்வொரு ஐசோடோப்பும் எத்தனை பெக்கொரல் இருந்தால் அந்த அளவு வரும் என்று கணித்து வரம்பு வைக்கிறார்கள். பல ஐசோடோப்புகள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் வரம்பில் எத்தனை பங்கு என்று கூட்டி, மொத்தம் ஒன்றைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். முடிவெடுக்கும் புள்ளியியல் சோதனையில் எனக்குப் பிடித்த ஒரு நேர்மை இருக்கிறது: வழக்கமான தொடக்க அனுமானம் "இந்த நிலம் வரம்பை மீறியிருக்கிறது" என்பதே. இல்லை என்று காட்டும் பொறுப்பு நிலத்தை விடுவிக்கக் கேட்பவருடையது. மாதிரி குறைவாக எடுத்தால் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியாமல் அவருக்குத்தான் நஷ்டம்.

உங்கள் கையில் இப்படி ஓர் அறிக்கை கிடைத்தால், பொட்டாசியம்-40 கிலோவுக்கு 450 என்றும் சீசியம்-137 கிலோவுக்கு 8 என்றும் இருப்பதைப் பார்த்து, பெரிய எண்ணைக் கண்டு பதற வேண்டாம். அந்த 450 எல்லா மண்ணிலும் உண்டு, நம் உடலிலேயே பொட்டாசியம்-40 நாலாயிரம் பெக்கொரல் அளவில் இருக்கிறது. சீசியம் 8 என்பதை ஒப்பீட்டு நிலத்தின் எண்ணோடு வைத்துப் பாருங்கள். பிறகு ஸ்ட்ரான்ஷியம், புளூட்டோனியம் வரிசைகளுக்குப் போய், அங்கே இருக்கும் எண் அளந்ததா, சீசியத்திலிருந்து விகிதம் போட்டு எழுதியதா என்று அடிக்குறிப்பில் தேடுங்கள். மாதிரி எடுத்த ஆழம், அளந்த கிராம், கண்டறியும் எல்லை மூன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். புளூட்டோனியம் கையாண்ட இடமானால், அமெரிசியத்தை எந்த ஆண்டில் அளந்தார்கள் என்பதும் வேண்டும்: புளூட்டோனியம்-241 14 ஆண்டு அரை ஆயுளில் சிதைந்து அமெரிசியம்-241 ஆகிக்கொண்டே இருப்பதால், இருபது ஆண்டுக்கு முந்திய எண் இன்றைய மண்ணில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கலாம்.